கடலடியில் எழுதிய குறிப்பேடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை



இயற்பியல் மாணவன் போரைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுத வந்தது போரைப் பற்றியன்று. ஒரு குறிப்பேட்டைப் பற்றி. கடலுக்கு அடியில், அடைபட்ட இரும்புக் குழாய்க்குள், மூச்சு முட்டிக் கொண்டிருந்த 22 வயது இளைஞன் ஒருவன் எழுதிவைத்த குறிப்பேடு அது. அவன் பெயர் ஹிரோஷி குரோகி. ஜப்பானியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட். அவன் மாண்ட ஆண்டு 1944.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, என் தந்தையார் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். மூச்சு என்பது எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. மற்றொன்று, சென்ற ஆண்டு ஆய்வகத்தில் நானே செய்த ஒரு தவறு. அதைக் கட்டுரையின் இறுதியில் மறைக்காமல் சொல்வேன்.

இளமையும் கல்வியும்

குரோகி 1921-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் கிஃபு மாகாணத்தைச் சேர்ந்த கெரோ என்ற ஊரில் பிறந்தான். கடற்கரை இல்லாத மலை மாகாணம் அது. மைசுருவில் இருந்த கடற்படைப் பொறியியல் பள்ளியில் பயின்று, 1941-இல் பட்டம் பெற்று வெளிவந்தான். அதே ஆண்டு டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. இயந்திரங்களைக் கற்ற அவன், இருவர் செல்லும் சிறு நீர்மூழ்கிகளில் பயிற்சி பெற விரும்பிக் கேட்டு, குரே துறைமுகத்தை அடுத்த தளத்திற்குச் சென்றான். அங்கே அவனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். செகியோ நிஷினா என்பது அவன் பெயர். குரோகியைவிட வயதில் இளையவன், 1923-இல் பிறந்தவன்.

அப்போது போரின் போக்கு மாறிவிட்டிருந்தது. 1942 ஜூனில் மிட்வே தீவருகே நடந்த போரில் ஜப்பான் தன் விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கை இழந்தது. அதன்பின் கப்பல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அக்கப்பல்கள் ஏவவேண்டிய டார்பிடோக்கள் மட்டும் கிடங்குகளில் கிடந்தன. அவற்றை ஏவக் கப்பல் இல்லையென்றால், உள்ளே ஒரு மனிதன் அமர்ந்து ஓட்டினால் என்ன என்று இவ்விருவரும் எண்ணினார்கள். படங்கள் வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள், மேலதிகாரிகளிடம் கொண்டுசென்றார்கள்.

கடற்படைத் தலைமை முதலில் அதை ஏற்கவில்லை. போகிறவன் திரும்பி வர வழியில்லாத ஆயுதத்தை அனுமதிக்க அதிகாரிகள் தயங்கினர். குரோகி தன் இரத்தத்தால் எழுதிய விண்ணப்பம் ஒன்றையும் அனுப்பினான். இறுதியில் 1944 பிப்ரவரியில் மாதிரிக் கருவி செய்து பார்க்க ஆணை பிறந்தது. அந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. மோதுவதற்குமுன் ஓட்டுபவன் வெளியேறித் தப்ப ஓர் அமைப்பு வேண்டும் என்பதே அது. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

கருவியின் அமைப்பு

மூலப் பொருளாக அமைந்தது ஜப்பானியரின் 93-ஆம் வகை டார்பிடோ. அக்காலத்தில் அதற்கு இணையானது வேறு எந்த நாட்டிலும் இல்லை எனலாம். சாதாரண டார்பிடோவில் எரிபொருளை எரிக்க அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்துவர். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். இந்த நைட்ரஜன் எரிவதற்கு உதவாது, இடத்தை அடைத்துக்கொள்ளும், குமிழிகளாக மேலே வந்து டார்பிடோ வரும் வழியைக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானியப் பொறியியலாளர்கள் காற்றுக்குப் பதிலாகத் தூய பிராணவாயுவையே அடைத்தார்கள். மண்ணெண்ணெய் அதில் எரியும்போது நீராவியும் கரியமிலவாயுவும் உண்டாகும். நீராவி குளிர்ந்து நீராகும். கரியமிலவாயு பெரும்பகுதி கடல்நீரில் கரைந்துவிடும். ஆகவே குமிழித் தடம் மிகக் குறைவு. ஓடும் தூரமோ மிக அதிகம்.

61 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்த டார்பிடோவின் இயந்திரப் பகுதியை எடுத்து, அதன் முன்புறம் ஒரு மீட்டர் விட்டமுள்ள பெரிய குழாயைப் பொருத்தினார்கள். அதில் ஒருவர் உட்காரச் சிறிய இடம், குட்டையான பெரிஸ்கோப், திசைகாட்டி, ஆழமானி. முனையில் 1,550 கிலோகிராம் வெடிமருந்து. மொத்த நீளம் 14.75 மீட்டர், எடை 8.3 டன். மணிக்கு 30 கடல்மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 23 கிலோமீட்டர் போகும். இதற்குக் 'கைட்டென்' என்று பெயரிட்டார்கள். வானத்தையே திருப்புதல், அஃதாவது கைவிட்டுப் போன நிலையை மீண்டும் கைக்கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

ஓட்டுவது எளிதன்று. எரிபொருளும் பிராணவாயுவும் குறையக் குறையக் கருவியின் எடை குறையும். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, எடை குறைந்த பொருள் மேலெழத் தொடங்கும். அதைச் சமன்செய்ய ஓட்டுபவன் அவ்வப்போது கடல்நீரை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையால் அதைச் செய்துகொண்டே, மறுகையால் திசையையும் ஆழத்தையும் திருத்தி, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

1944 ஆகஸ்டில் கைட்டென் முறைப்படி கடற்படை ஆயுதமாக ஏற்கப்பட்டது. ஆனால் தப்பிக்கும் அமைப்பு அதில் இல்லை. பிப்ரவரியில் எழுதப்பட்ட நிபந்தனை ஆகஸ்டுக்குள் கைவிடப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 6

டோக்குயாமா விரிகுடாவிலுள்ள ஓட்சுஷிமா என்ற சிறு தீவில் செப்டம்பர் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கியது. 6-ஆம் தேதி மாலை காற்று பலத்துக் கடல் கொந்தளித்தது. அன்றைய பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று மேலதிகாரி கருதினார். குரோகி இசையவில்லை, பகைவன் வானிலை பார்த்து வருவதில்லை என்பது அவன் வாதம். டகாஷி ஹிகுச்சி என்ற இளம் அதிகாரி ஓட்ட, குரோகி அவனருகே நெருக்கியடித்து அமர்ந்து கற்பிக்க, ஒருவருக்கென்று செய்த கருவியில் இருவர் புறப்பட்டனர்.

கருவி திரும்பி வரவில்லை. அலையடித்த கடலில் அது மூக்குக் கீழாகப் பாய்ந்து, சுமார் 15 மீட்டர் ஆழத்தில் சேற்றுத் தரையில் குத்தி நின்றுவிட்டது. அப்போது மாலை 6 மணி கடந்திருந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்திருக்கலாமே என்று தோன்றும். நம் பாடப்புத்தகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரவ அழுத்தம் என்பது ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கம். கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,025 கிலோகிராம், ஆழம் 15 மீட்டர், முடுக்கம் 9.8. விடை ஏறக்குறைய 1,50,000 பாஸ்கல். கதவு அரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 0.196 சதுரமீட்டர். அதன்மேல் அழுத்தும் விசை 29,000 நியூட்டனுக்கும் அதிகம்; அதாவது மூன்று டன் எடையைக் கதவின்மேல் ஏற்றிவைத்ததற்குச் சமம். இரண்டு இளைஞர்களின் தோள்கள் அதை அசைக்க முடியாது.

அடுத்தது மூச்சு. ஓய்வாக இருக்கும் மனிதன் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகிறான். இருவர் என்றால் அரை லிட்டர். மணிக்கு 30 லிட்டர். மூன்று கனமீட்டர் கொள்ளளவுள்ள ஓர் அடைத்த அறையை எடுத்துக்கொண்டால் (இது கைட்டெனின் அளவன்று, கணக்குக்காக எடுத்துக்கொண்டது) மணிக்கு நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் கரியமிலவாயு ஏறும். 3 பங்கில் மூச்சு வேகமாகும்; 5 பங்கில் தலைவலி தாங்காது; 10 பங்கை நெருங்கும்போது நினைவு தப்பும். பிராணவாயு முற்றும் தீர்வதற்கு முன்பே, நாம் விட்ட மூச்சே நம்மைக் கொன்றுவிடும் என்பதுதான் இதிலுள்ள உண்மை.

இந்த நிலையில்தான் குரோகி எழுதத் தொடங்கினான். இரவு முழுவதும் எழுதினான். ஏறத்தாழ 2,000 எழுத்துகள் கொண்டது அந்தக் குறிப்பு. கருவி எப்போது எப்படிக் கீழே பாய்ந்தது, உடனே தாங்கள் என்னென்ன செய்தோம், இயந்திரம் எவ்வாறு நடந்துகொண்டது, இத்தகைய விபத்து மறுபடி நேராமலிருக்க எதை எதை மாற்ற வேண்டும் என்பனவற்றை நேரத்தோடு வரிசையாகக் குறித்தான். மேலதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டான். நாட்டுக்கும் மன்னனுக்கும் வாழ்த்துச் சொன்னான். அருகிலிருந்த ஹிகுச்சியும் தன் பங்குக்கு எழுதினான். மறுநாள் காலை தேடிக் கண்டுபிடித்து மேலே தூக்கியபோது இருவரும் உயிரோடு இல்லை. குறிப்பு மட்டும் இருந்தது.

அதைப் பற்றி நான் முதன்முதல் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். கண்ணீர்க் கடிதமாக இருந்திருந்தால் அவ்வளவு பாதித்திருக்காது. அது ஒரு ரெக்கார்டு நோட்டுப் போல இருந்ததே என்னைப் பாதித்தது. நோக்கம், செய்முறை, கண்டவை, முடிவு என்று நாம் எழுதுகிறோமே, அதைப் போல அவன் தன் சாவைப் பற்றிய குறிப்பை எழுதினான். அதில் ஓர் அளவைக்கூட அவன் அழகுபடுத்தியதாகத் தெரியவில்லை.

உலித்தி

விபத்தினால் திட்டம் நிற்கவில்லை; மாறாக மேலும் தீவிரமாயிற்று. 1944 நவம்பர் 8 அன்று மூன்று நீர்மூழ்கிக் கப்பல்கள் தலைக்கு நான்கு கைட்டென்களை முதுகில் சுமந்து ஓட்சுஷிமாவிலிருந்து புறப்பட்டன. அவற்றில் ஒன்றான ஐ-47-இல் நிஷினா இருந்தான். நண்பனின் அஸ்தியைத் தன்னோடு எடுத்துச்சென்றான். நவம்பர் 20 அதிகாலையில், அமெரிக்கக் கடற்படை பெருந்திரளாக நங்கூரமிட்டிருந்த உலித்திப் பவளத்தீவின் அருகே, அந்த அஸ்தியுடனேயே கைட்டெனுக்குள் இறங்கினான். அவனுக்கு வயது 21.

மூன்று கப்பல்களில் ஐ-37 முந்தைய நாளே பலாவு அருகே மூழ்கடிக்கப்பட்டுவிட்டது. ஐ-47 நான்கையும் ஏவியது. ஐ-36 ஏவ முடிந்தது ஒன்றே. மற்றவை பழுதாகி நின்றுவிட்டன. ஆக ஐந்து சென்றன. ஒன்று மட்டும் மிஸ்ஸிஸ்சினெவா என்ற எண்ணெய்க் கப்பலில் மோதியது. விமான பெட்ரோலும் எரியெண்ணெயும் நிறைந்திருந்த கப்பல் தீப்பிழம்பாகி மூழ்கியது. அதில் இருந்தோரில் 63 பேர் மாண்டனர். அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்தனர். அவர்களிலும் நம் வயதினர் இருந்திருப்பர். ஏவியவர்கள் ஐவரில் எவருடைய கருவி மோதியது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இனி நடந்ததே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. தூரத்திலிருந்து பெரிஸ்கோப்பில் பார்த்தவர்கள் கண்டது தீயையும் புகையையும், கேட்டது வெடியோசையை. ஆனால் அடுத்த மாதம் கூடிய ஆய்வுக் கூட்டத்தில் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களும் இரண்டு போர்க்கப்பல்களும் மூழ்கியதாக முடிவுசெய்யப்பட்டது. உண்மையில் மூழ்கியது ஓர் எண்ணெய்க் கப்பல். ஐந்து பேர் அனுப்பினோம், ஐந்து பெருங்கப்பல்கள் போயின என்ற கணக்கு, கேட்க இனிமையாக இருந்தது. அந்தக் கணக்கை நம்பி மேலும் மேலும் அனுப்பினார்கள்.

போர் முடிவதற்குள் கைட்டென் பிரிவில் மாண்ட ஓட்டுநர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பயிற்சியிலேயே இறந்தவர்களும் உண்டு. பெரும்பாலோர் 20 வயதை ஒட்டியவர்கள். 1943-இல் ஜப்பானில் கலைப்பிரிவு மாணவர்களுக்கு அளித்திருந்த படைச்சேவை விலக்கு நீக்கப்பட்டது. அவ்வாறு பல்கலைக்கழக வகுப்பிலிருந்து நேரே வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கைட்டென் 80 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அதைச் சுமந்த தாய்க்கப்பல்களும் ஆபத்து நேரத்தில் ஆழத்துக்குச் சென்று ஒளிய முடியவில்லை. அத்தகைய தாய்க்கப்பல்கள் எட்டு, உள்ளிருந்தவர்களோடு அழிந்தன. இத்தனைக்கும் கைட்டெனால் மூழ்கியவற்றுள் குறிப்பிடத்தக்க கப்பல்கள் மிஸ்ஸிஸ்சினெவாவும், 1945 ஜூலை 24 அன்று மூழ்கிய அண்டர்ஹில்லும் ஆகிய இரண்டே.

என் தந்தையார் சொன்னது

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இந்த வரலாற்றை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பள்ளி சென்று படித்தவரல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். இளமையில் அவர் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சங்கெடுத்தவர். இப்போது காது ஒன்று சரியாகக் கேட்காது. நான் அழுத்தக் கணக்கைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தப்பிக்கும் அமைப்பை விட்டுவிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் என்னை நிறுத்தினார்.

"எய்யா, கீழ முங்குதவன் திரும்பி வாரதுக்கு மூச்ச மிச்சம் வச்சுக்கிட்டுத்தான் முங்கணும். கண்ணு முன்னால பெரிய சங்கு கெடந்தாலும் மூச்சு பத்தாதுன்னா விட்டுட்டு வந்துரணும். அத மொதல்ல சொல்லிக் குடுக்காதவன் தொழில் சொல்லிக் குடுக்க வரக்கூடாது" என்றார்.

பிறகு, "அந்தப் பயலுக்குத் தாய் இருந்தாளா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இயந்திரத்தின் நீளத்தையும் விட்டத்தையும் மனப்பாடம் செய்திருந்த நான், அதைத் தேடிப் பார்க்கவில்லை.

நாம் கற்க வேண்டியது

இப்போது முன்னுரையில் சொன்ன என் தவறுக்கு வருகிறேன். முதலாண்டில் ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையில் எனக்கு விடை 9.42 என்று வந்தது. சுற்றிலும் எல்லோருக்கும் 9.8-க்கு அருகில் வந்திருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குத் தனியே தவறி நிற்பது பெரிய அச்சம். இவனுக்கு வராது என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். நான் அலைவு நேரங்களைத் திருத்தி 9.79 என்று எழுதினேன். பேராசிரியர் என் அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். சினக்கவில்லை. "தவறான அளவு குற்றமில்லை தம்பி, ஊசலின் நீளத்தை நீ எங்கிருந்து அளந்தாய் என்று பார்த்தால் காரணம் கிடைத்துவிடும். திருத்திய அளவுதான் குற்றம். அதிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது" என்றார். மறுபடி செய்தேன். குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்தது தெரிந்தது.

குரோகியின் குறிப்பேட்டையும் உலித்திக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்குகிறது. மூச்சுத் திணறும்போதும் ஓர் இளைஞன் உண்மையான அளவை எழுதினான். காற்றோட்டமான அறையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பொய்யான அளவை எழுதினார்கள். இளைஞனின் குறிப்பால் கருவி சற்றுத் திருந்தியிருக்கலாம். பெரியவர்களின் குறிப்பால் மேலும் எத்தனையோ இளைஞர்கள் போனார்கள்.

ஆனால் குரோகியையும் முழுதும் புகழ்ந்துவிட என்னால் இயலவில்லை. அவன் கூர்மையான அறிவுடையவன், நேர்மையானவன், அஞ்சாதவன். இருந்தும், இயந்திரம் ஏன் பழுதானது என்று கேட்ட அளவுக்கு, இந்த இயந்திரம் வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. தன் உயிரைத் தர அவனுக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அவன் வரைந்த படம் ஹிகுச்சியின் உயிரையும் கேட்டது, நிஷினாவின் உயிரையும் கேட்டது, பெயர் தெரியாத மாலுமிகளின் உயிரையும் கேட்டது. அறிவியல் கற்றவன் 'எப்படி' என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. 'எதற்காக' என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் துணிவு, கடலடியில் பேனா பிடித்த துணிவைவிடக் குறைந்ததன்று. அன்றைய ஜப்பானில் அந்தக் கேள்வியை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் அரிதாயினர் என்பதையும் மறந்துவிடலாகாது.

முடிவுரை

ஓட்சுஷிமாவில் 1968-ஆம் ஆண்டு முதல் ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மிஸ்ஸிஸ்சினெவா 57 ஆண்டுகள் உலித்திக் கடலடியில் கிடந்து, 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் மீனவர்களின் கடலைக் கெடுத்ததால், 2003-இல் எஞ்சிய எண்ணெயை அமெரிக்கக் கடற்படை வெளியே எடுத்தது. 20 வயது இளைஞர்கள் போட்ட ஒரு கணக்கின் மீதி, அவர்களுக்கு 80 வயது ஆகியிருக்க வேண்டிய காலத்திலும் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

தோழர்களே, நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம். சிலர் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்வோம். சிலர் படையிலும் சேர்வோம். எங்கே சென்றாலும் யாரோ ஒருவர் நம்மிடம் ஒரு படத்தையோ ஓர் அட்டவணையையோ நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். அன்று அளவு உண்மையா என்று பார்ப்போம். இறங்குகிறவன் ஏறிவர வழி இருக்கிறதா என்றும் பார்ப்போம். முதலாவதை நான் இக்கல்லூரி ஆய்வகத்தில் கற்றேன்; இரண்டாவதை என் தந்தையாரிடம் கற்றேன். இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதினேன்.